மணி அடிக்கிற வரைக்கும்

இல்லீங் தம்பி, பை மடியிலயே இருக்கட்டும். மேல வெக்க முடியாதுங்க. உள்ள ஒரு மணி இருக்குது. பூசை மணிதான், வெங்கலம். பஸ்ஸு குலுங்கி மணி அடிச்சிருச்சுன்னா வம்பாப் போயிரும். மணி நாக்குல துணி சுத்தித்தான் வெச்சிருக்கறேன், இருந்தாலும் இந்தப் பொள்ளாச்சி ரோட்டை நம்ப முடியுதுங்களா? நீங்க சித்த அந்தப் பக்கம் தள்ளி உக்காந்தீங்கன்னா போதும்.

கழுத்துல அட்டை மாட்டியிருக்கறீங்க. கம்பெனி வேலைங்களா? சரி சரி. உங்க கம்பெனியில ட்ரெயினிங் எல்லாம் குடுக்கறாங்களா? சிரிக்கறீங்க. எதுக்குச் சிரிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். ஏசி ஹால்ல உக்கார வெச்சு, பந்தைத் தூக்கிப் போட்டுப் புடிக்கச் சொல்லி, மத்தியானம் வயிறு முட்டப் பிரியாணி போட்டு, தூங்கி எந்திரிச்சா கையில ஒரு சர்டிபிகேட்டு. அதெல்லாம் ட்ரெயினிங்கே இல்லீங்க. நான் குடுத்தேன் பாருங்க, அதுதான் ட்ரெயினிங். ஆபீசுக்குள்ளயே, ஆபீஸ் ஆளுகளை வெச்சே. என்கிட்டப் படிச்சவங்கள்ல ஒருத்தர்கூட பெயில் ஆகல. அதுதான் எனக்கு வெனையா வந்து சேந்துது.

ஆர்.எஸ்.புரத்துல ஒரு ஆடிட்டர் ஆபீசுங்க. ஆடிட்டர் பேரு ராமபத்ரன் சார். தங்கமான மனுசர். நான் அங்க மேனேஜர், சென்னியப்பன்னு பேரு. ஆடிட்டருக்குப் படிக்கற புள்ளைக ஒரு கூட்டம் எங்ககிட்ட வேலை பழகிட்டு இருந்தாங்க. கணக்குல எல்லாம் புலிங்க. ஆனா வாய்? வாயே கெடையாது. கிளையண்ட் வந்து, "இந்த லாபத்தைக் கொஞ்சம் கொறைச்சுக் காட்டுங்க"ன்னு கேட்டா, முடியாதுன்னு சொல்லத் தெரியாது. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சார்கிட்டக் கேட்டுச் சொல்றேங்க"ம்பாங்க. சார்கிட்டக் கேக்கப் போனா சார் ரூம்ல இருக்க மாட்டார். பாத்ரூம்ல இருப்பார்.

ஆமாங்க. யாராச்சும் சத்தமாப் பேசிட்டே உள்ள வந்தாப் போதும், சார் பாத்ரூமுக்குள்ள போயிக் குழாயைத் தொறந்து உட்டுக்குவார். கத்தற ஆளு படியெறங்கற வரைக்கும் தண்ணி ஓடிட்டே இருக்கும். மேல் டேங்க்கு காலியாகி, மாடியில இருந்த பல் டாக்டர் வந்து சண்டை புடிச்சார். அப்பவும் சார் பாத்ரூம்லதான் இருந்தார். சாருக்கு "முடியாது"ங்கற வார்த்தை வாயில வராதுங்க. யாரையும் வேண்டாம்னு சொல்லித் தாட்டி உட்டதே கெடையாது. காப்பிப்பொடி சரியில்லைன்னு கடைக்காரர்கிட்டச் சொல்ல மாட்டாம அந்தப் பொடியவே வருசக்கணக்காக் குடிச்சார். எங்களுக்கும் அதேதான்.

மொதல்ல வெளிய இருந்து ஒரு ட்ரெயினரைக் கூட்டியாந்தாங்க. கோட்டு போட்ட ஆளு. எல்லாரையும் வட்டமா நிக்க வெச்சு, சிங்கம் மாதிரிக் கர்ஜனை பண்ணச் சொன்னார். சார் போட்ட கர்ஜனை அவருக்கே கேக்கல. அடுத்த நாளு ஒரு கிளையண்ட் கத்திக்கிட்டு வந்தார், மறுபடி குழாய்ச் சத்தம். அப்பறந்தான் சார் என்னையக் கூப்புட்டு, "சென்னியப்பன், இனிமே வெளியாளு வேண்டாம். நம்ம ஆபீசுக்கு என்ன வேணும்னு நமக்குத்தானே தெரியும்? நீங்களே பாத்துப் பண்ணுங்க"ன்னார். எத்தனையோ வருசமா அந்த ஆபீஸ்ல கெடந்தேனுங்க. அன்னைக்குத்தான் சார் என்கிட்ட ஒண்ணை நம்பிக் குடுத்தார். கண்ணு கலங்கிப் போச்சு.

நான் யோசிச்சேன். நீச்சல் பழக்கறவன் கரையில உக்காத்தி வெச்சு தண்ணியப் பத்திப் பேசுனா ஆகுமா? தள்ளி உடோணும். கிளையண்ட்டு கூடப் பேசப் பழகோணும்னா ஒரு கிளையண்ட் வேணும். அதுவும் மோசமான கிளையண்ட்டா இருக்கோணும். உண்மையான ஆளைக் கேட்டா வருவாங்களா? அதனால நானே ஒருத்தரை உண்டு பண்ணுனேன். ராக்கியப்பன்னு பேரு வெச்சேன். பொன்னாத்தா நூல் மில் முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில தங்கக் கலர்ல வாட்சு. யாரு ராக்கியப்பன்? நாந்தான்.

அதுக்குத்தான் இந்த மணி. வீட்டுல பூசை ரூம்ல இருந்து எடுத்தாந்தேன். ஒரு தடவை அடிச்சா நான் ராக்கியப்பன். மறுபடி அடிச்சா சென்னியப்பன். நடுவுல யாரும் வேசத்தைக் கலைக்கக் கூடாது. என்னைய மேனேஜர்னோ சென்னியப்பன்னோ கூப்புட்டா, கூப்புட்டவங்கதான் எல்லாருக்கும் போண்டா வாங்கித் தரோணும். ரூலுன்னா ரூலுங்க.

மொத நாளு மணியை அடிச்சுட்டு உள்ள போனேன். ஹர்ஷினின்னு ஒரு பொண்ணு முன்னால உக்காந்திருந்துச்சு. கெட்டிக்காரி, ஆனா கோழிக்குஞ்சு மாதிரி பயப்புடும். சிரிச்சுட்டு, "வாங்க சார்"னுது. நான் மேசையில ஒரே தட்டு. "என்ன சிரிப்பு? என்ற வேலை முடிஞ்சுதா இல்லியா?"ன்னேன். அந்தப் பொண்ணு அழுதுருச்சு. சாருக்கு அது பொய்க் கத்தல்னு தெரியும், நாந்தான்னும் தெரியும், அப்பவும் பாத்ரூமுக்குள்ள போயிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோசம். ட்ரெயினிங் வேலை செய்யுதுன்னு அர்த்தம் பாருங்க.

அழுதாத்தானுங்க தேறும். சில பேரு சாரைப் பாத்து, சென்னியப்பன் சார் ரொம்பக் கடுமையா இருக்கறார்னு சொன்னாங்களாம். சென்னியப்பன் எங்க கடுமையா இருந்தான்? ராக்கியப்பன்தான் இருந்தார். இந்த வித்தியாசங்கூடத் தெரியாம வேலைக்கு வந்துட்டாங்க.

வாரம் ஒரு தடவைன்னு வந்தவர், அப்பறம் தெனமும் வர ஆரம்பிச்சார். நெச கிளையண்ட் சொல்லிட்டா வர்றாங்க? அதனால நானும் மாடிப்படியிலயே மணியை அடிச்சுட்டு, திடீர்னு உள்ள நுழைவேன். இன்னொன்னுங்க, எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஆளு பேருல ஃபைல் போட்டுட்டா, அப்பறம் அந்த ஆளு இருக்கறார், அவ்வளவுதான். ஃபைல் இல்லீன்னா நேர்ல வந்து நின்னாலும் நம்ப மாட்டோம். ராக்கியப்பனுக்கு யாரோ ஃபைல் போட்டுட்டாங்க. போட்டா என்ன பண்ணோணும்? மில்லுக்குப் போயிச் சரக்கு இருப்பைக் கண்ணால பாக்கோணும். பாக்காமக் கையெழுத்துப் போடக் கூடாது. எந்த மில்லுக்குப் போறது? சுந்தராபுரத்துல எங்க வீட்டுக்கு வந்தாங்க.

ஞாயித்துக்கெழமைங்க. நான் வேட்டி கட்டிட்டு ராக்கியப்பனா நிக்கறேன். என்ற சம்சாரம் மரகதம் கேசரி கிண்டி வெச்சிருக்குது. கிரைண்டரு, மிக்சி, தையல் மிசினு எல்லாத்தையும் மில்லு மிசின்னு எண்ணுனாங்க. மெத்தை, தலகாணி எல்லாம் பஞ்சு இருப்பு. ஹர்ஷினி ஒவ்வொரு தலகாணியா அமுக்கிப் பாத்துட்டு, "சார், நீங்க சொன்னதுல ஒரு தலகாணி கொறையுது"ன்னுது. அது மக வீட்டுக்குப் போயிருந்துச்சு. நான் கத்துனேன், குதிச்சேன், "என்னையத் திருடனுங்கறயா?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு அசையலைங்க! "தலகாணி வந்தாத்தான் சார் கையெழுத்து"ன்னு நேரா என்ற கண்ணைப் பாத்துச் சொல்லுச்சு. அழுத பொண்ணுங்க அது! எனக்கு ஓடிப்போயிக் கையைப் புடிச்சுக் குலுக்கோணும் போல இருந்துது. மணி அடிக்கலையே, அதனால இன்னும் கொஞ்சம் திட்டுனேன்.

அவங்க போனதுக்கு அப்பறம் மரகதம் சொல்லுது, "இந்த ராக்கியப்பன் அடிக்கடி வந்தா நல்லா இருக்குமுங்க. வீடே கலகலன்னு இருந்துச்சு"ன்னு. சென்னியப்பன் வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு டிவி பாப்பானாம்.

சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கும் அவரைத்தான் புடிச்சுப் போச்சு. சென்னியப்பன் ஆபீசுக்குள்ள வந்தா ஒருத்தரும் நிமுந்து பாக்க மாட்டாங்க. காப்பி பேப்பர் கப்புல வரும், பாதி ஆறிப் போயி. ராக்கியப்பன் வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. மெத்தை வெச்ச நாற்காலி. எவர்சில்வர் டம்ளர் டபராவுல நொரை பொங்கக் காப்பி. அவர் வர ஆரம்பிச்சதுக்கு அப்பறந்தான் பொடியவே மாத்துனாங்க. சாரே எந்திரிச்சு நின்னு கை கூப்புவார். அத்தனை வருசத்துல சார் எனக்காக எந்திரிச்சதைப் பாத்ததில்லீங்க. எனக்குன்னா எனக்கில்லை, சரி, அவருக்குத்தான். இருந்தாலும் அந்த வேட்டிக்குள்ள நிக்கற காலு என்றதுதானே?

அதனால மணியை மறுபடி அடிக்கறது தள்ளிட்டே போச்சு. காலையில வர்றப்பவே ராக்கியப்பனா வந்து பொழுதோட ராக்கியப்பனாவே போவேன். அதுல ஒரு சின்ன இடைஞ்சல். சென்னியப்பன் பாக்க வேண்டிய வேலையெல்லாம் மேசையில மலையாக் கெடக்குது. ஒரு நாள் நான் மெத்தை நாற்காலியில காப்பி குடிச்சுட்டு, "என்ற ஃபைல் ஏன் இன்னும் முடியல?"ன்னு அதட்டறேன். ஹர்ஷினி நிதானமாச் சொல்லுது, "நாங்க எல்லாம் முடிச்சாச்சு சார். எங்க மேனேஜர்கிட்டத் தேங்கி நிக்குது. அவரு சீட்டுலயே இருக்கறதில்லை."

எனக்கு வந்துது பாருங்க கோபம்! நெச கிளையண்ட்டா இருந்தா சும்மா உடுவானா? நேரா சார் ரூமுக்குப் போனேன். எல்லாருங் கேக்கற மாதிரி, "என்ன ஆபீஸ் நடத்தறீங்க? அந்த மேனேஜர் ஒரு தண்டச் சோறு! வேலையும் பாக்கறதில்லை, சின்னப் புள்ளைகளை அழ வெக்கறதா வேற கேள்விப்பட்டேன். அந்த ஆளை எதுக்கு வெச்சிருக்கறீங்க?"ன்னு கேட்டேன். ஒரு புகாரை எப்படி வாங்கிக்கறதுன்னு அன்னைக்குப் பாடம். குறுக்க பேசாமக் கேக்கோணும், கேட்டதைத் திருப்பிச் சொல்லோணும், நடவடிக்கை எடுக்கறேன்னு வாக்குக் குடுக்கோணும். சார் மூணையும் பண்ணுனார். பாத்ரூமுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீங்க சொல்றது எனக்கும் தெரியும் சார். சொல்லத் தைரியம் வராம இருந்துட்டேன். கண்டிப்பா நடவடிக்கை எடுக்கறேன்"ன்னார். எவ்வளவு இயல்பாச் சொன்னார் தெரியுங்களா? நடிப்புன்னே தெரியல.

கடைசிப் பாடம், கடைசிப் பரீச்சை. ஒத்துவராத கிளையண்ட்டை மரியாதையாத் தாட்டி உடறது எப்படி? அதுதானுங்க ரொம்பக் கஷ்டமான பாடம். குரல் ஒசரக் கூடாது, காரணத்தைச் சுத்தி வளைக்கக் கூடாது, எதிராளி அழுதாலும் மிரட்டுனாலும் சொன்ன வார்த்தையில நிக்கோணும், கடைசியில வாசல் வரைக்கும் வந்து வழியனுப்போணும். வாரக் கணக்காச் சொல்லிக் குடுத்தேன். சாரும் புள்ளைகளோட உக்காந்து படிச்சார்.

பரீச்சை அன்னைக்கு மணியை அடிச்சுட்டு உள்ள போனேன். எல்லாரும் நின்னாங்க. காப்பி வந்துது. சார் எனக்கு எதிர்ல உக்காந்து, "ராக்கியப்பன் சார், இனிமே உங்க வேலையை எங்களால பாக்க முடியாதுங்க"ன்னார். முடியாதுன்னார் தம்பி! அந்த வார்த்தை அந்த வாயில வந்துது! எனக்கு உள்ளுக்குள்ள பட்டாசு வெடிக்குது. வெளிய காட்டிக்காம எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் எறக்குனேன். கத்துனேன். அசையல. பழைய சிநேகத்தைச் சொன்னேன். அசையல. ஊரெல்லாம் உங்க பேரைக் கெடுக்கறேன்னேன். "அது உங்க விருப்பமுங்க"ன்னார். கடைசியா அழுதேன். நெசமாவே தண்ணி வந்துருச்சு. ஹர்ஷினி டிஸ்யூ பேப்பரை நகத்தி வெச்சுது. அதுவும் நான் சொல்லிக் குடுத்ததுதான்.

சரி, எல்லாருக்கும் நூத்துக்கு நூறுன்னு மனசுக்குள்ள போட்டுட்டேன். சார் விடல. "இன்னொன்னுங்க சார். எங்க மேனேஜரைப் பத்திப் புகார் சொன்னீங்க. விசாரிச்சோம். நீங்க சொன்னது முழுக்க உண்மை. அவரையும் வேலையில இருந்து விடுவிச்சுட்டோம். நாளையில இருந்து அவர் வர வேண்டியதில்லை"ன்னார்.

நான் என்ன பண்ணுவேன்? நான் ராக்கியப்பனாச்சே! மேசையத் தட்டி, "சபாஷ்! இதைத்தான் நான் மொதல்லயே சொன்னேன்!"ன்னு சாரோட கையைப் புடிச்சுக் குலுக்கிட்டேன்.

அப்பறம் எல்லாரும் என்னைய லிப்ட் வரைக்கும் கூட்டிட்டு வந்தாங்க. ஹர்ஷினி கையில ஒரு அட்டைப் பொட்டி. சென்னியப்பனோட டிபன் பாக்ஸு, கண்ணாடிக் கூடு, மக கல்யாணப் போட்டோ எல்லாம் அதுக்குள்ள அழகா அடுக்கி வெச்சிருந்துது. லிப்ட் கதவு தொறந்துது. சார் மெதுவா, "மணியை அடிச்சிருங்க, சென்னியப்பன்"னார். பேரைச் சொல்லிட்டார்! மணி அடிக்கறதுக்கு முன்னாலயே! அதுக்கு மட்டும் ஒரு மார்க் கொறைச்சேன். போண்டாவும் பாக்கி நிக்குது. சாரோட கண்ணு செவந்திருந்துது. குழாய்ச் சத்தம் கேக்கலைங்க. அங்கயே நின்னார்.

நான் மணியை அடிக்கல. பையில போட்டுக்கிட்டு எறங்கிட்டேன்.

அது எப்படிங்க அடிப்பேன்? மணி அடிக்காத வரைக்கும் பரீச்சை நடந்துட்டுத்தானே இருக்குது? பரீச்சையில சொன்னதெல்லாம் எப்படி நெசமாகும்? இதை மரகதத்துகிட்டச் சொன்னா, வெறும் விரல்ல பூசை ரூம்ல சொடக்குப் போட்டுச் சாமி கும்புடுது. கோபம். மணி இல்லாததுக்குன்னு நெனைக்கறேன்.

சரி, ஒரு ஆடிட்டர் உட்டுட்டா கிளையண்ட் என்ன பண்ணுவார்? வேற ஆடிட்டரைப் பாப்பார். ராக்கியப்பனும் பாத்தார். பொள்ளாச்சியில ஒருத்தர் இருக்கறார். போன வாரம் வேட்டி கட்டிட்டுப் போனேன். நல்ல மரியாதைங்க, டம்ளர் காப்பி. ஆனா எங்க தொழில்ல புது ஆடிட்டர் வேலையை எடுக்கறதுக்கு முன்னால பழைய ஆடிட்டரை ஒரு வார்த்தை கேக்கோணும். அவர் என்ற முன்னாலயே ராமபத்ரன் சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சுட்டார். நான் காப்பி டம்ளரை அப்படியே கீழ வெச்சுட்டேன். அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சார் சொல்லிட்டா? சார் சொன்னார், "ராக்கியப்பன் சாருங்களா? நல்ல மனுசர். கொஞ்சம் சத்தம் போடுவார், அவ்வளவுதான். காப்பியை மட்டும் டம்ளர்ல குடுங்க."

பாத்தீங்களா? சாரும் இன்னும் வேசத்தைக் கலைக்கல. எனக்கு அங்கயே அழுகை முட்டிக்கிட்டு வந்துது.

அந்தப் பொள்ளாச்சிக்காரருக்கு ஒரு மேனேஜர் வேணுமாம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தாச் சொல்லுங்கன்னார். எனக்கு உசுரே வந்த மாதிரி இருந்துது. "சென்னியப்பன்னு ஒருத்தர் சும்மாத்தான் இருக்கறாருங்க"ன்னேன். அவர் என்னைய ஒரு மாதிரி பாத்தார். "அந்த ஆளா? நீங்களே அவரைத் தண்டச் சோறுன்னு சொன்னீங்களாமே? நீங்க சொல்லித்தான் வேலையை விட்டே எடுத்ததா ஆர்.எஸ்.புரம் பூராப் பேசிக்கறாங்க"ன்னார்.

இன்னைக்கு அதைச் சரி பண்ணத்தான் போறேன் தம்பி. சென்னியப்பன் அப்படியொண்ணும் மோசமில்லைன்னு சொல்லோணும். ராத்திரியெல்லாம் யோசிச்சேன், அவனைப் பத்தி நல்லதா என்ன சொல்றதுன்னு. இத்தனை வருசம் கூடவே இருந்திருக்கறேன், சட்டுனு ஒண்ணும் தோண மாட்டேங்குதுங்க. நேரத்துக்கு வருவான். லஞ்சம் வாங்க மாட்டான். அப்பறம்? ஒண்ணு இருக்குது. அவன் சொல்லிக் குடுத்தா ஒட்டிக்கும். ஒரு மனுசனுக்கு முடியாதுன்னு சொல்லப் பழக்கி உட்டிருக்கறான், சாதாரணமா? இதைச் சொன்னா வேலை குடுப்பாங்களா? நீங்க கம்பெனியில இருக்கறவரு, சொல்லுங்க. உங்களுக்கு ஒரு சென்னியப்பன் வேணும்னா எடுப்பீங்களா?

வெளிய எட்டிப் பாக்கறீங்க.

கிணத்துக்கடவு வந்துருச்சா? நீங்க இங்கதானா? சரிங் தம்பி, போயிட்டு வாங்க. ஒரு நிமிசம், நான் காலை மடக்கிக்கறேன். இந்த மணி அடிச்சுதுன்னா ராக்கியப்பன் போயிருவார், மில்லு போயிரும், நாற்காலி, காப்பி எல்லாம் போயிரும். இந்த சீட்டுல வேலையில்லாத கெழவன் ஒருத்தன்தான் மிச்சம் உக்காந்திருப்பான். பயமா இருக்குதுங்க. பாத்து, மெதுவா எறங்குங்க. பையில மட்டும் இடிச்சிராதீங்க.